பன்னிரண்டு பேரின் பசி

வெள்ளைப்பாறையில் பன்னிரண்டு பெண்பிள்ளைகளின் பசி அவர்களை விட்டுக் கிளம்பி ஊருக்குள் நடந்து வந்தது ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில். அதை முதலில் கண்டவர் தீவனக் கடை குழந்தைவேல். வீட்டில் வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தவர், வயிற்றுக்குள் யாரோ செருப்புக் காலோடு நடப்பதுபோல் உணர்ந்து எழுந்து, எதிர்ப் பேக்கரிக்குப் போய் நின்றபடியே தேங்காய் பன் தின்றார். அது போதாமல் இன்னொன்று தின்றார். அதுவும் போதாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டபோது, "இது என்ற பசியில்லீங்களே" என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார். பேக்கரிக்காரர் வாய் நிறைய கேக்கை அடைத்து வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை.

பசி ஏன் கிளம்பியது என்று ஊரில் யாரும் யோசித்து நேரத்தை வீணாக்கவில்லை. இருக்க விடாத இடத்தில் எது இருக்கும்?

முந்தின வருடம் வெள்ளைப்பாறை மகளிர் பள்ளியின் கபடி அணி மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ஊர் அதைச் சாவு போல எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் அடுத்த வருடமும் அதே பிரிவில் ஆடலாம், வயது இடம் கொடுத்தது, எடைதான் கொடுக்கவில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐம்பத்தைந்து கிலோதான் வரம்பு. பிள்ளைகளோ ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தார்கள். பதினைந்து வயதில் பிள்ளைகள் செய்யக்கூடிய காரியம் அதுதான் என்றாலும், ஊர் அதைத் துரோகமாகப் பார்த்தது. கேப்டன் சிந்துஜா நாலு விரல் உயரம் கூடியிருந்தாள். ரெய்டுக்குப் போனால் அந்த நீளக் கையும் காலும் எதிரணியின் கடைசிக் கோடு வரை எட்டும் என்பதால் அவளை விடவும் முடியவில்லை. எடையில் இரண்டு கிலோ கூடுதல் என்பதால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சித்திரையில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். குழந்தைவேல்தான் கபடிக் குழுத் தலைவர். பன்னிரண்டு பேருக்கும் எந்தக் கடையிலும் எதுவும் விற்கக் கூடாது. பேக்கரி, பரோட்டாக் கடை, சுண்டல் வண்டி, கரும்புச் சாறு எதுவும் விலக்கில்லை. கடைக்காரர்களுக்கு முகம் மறந்துவிடக் கூடாதென்று பன்னிரண்டு பேரின் படத்தையும் போட்டு 'வெற்றிவாகை சூட வாழ்த்துகிறோம்' என்று பிளக்ஸ் அடித்து ஒவ்வொரு கடை வாசலிலும் கட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, விளையாட்டை இப்படிக் கொண்டாடும் ஊர் உண்டா என்று வியந்தபடி போனார்கள்.

விளையாட்டு ஆசிரியர் மாதேஸ்வரன் மற்றதைப் பார்த்துக்கொண்டார். சித்திரை வெயிலில் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி ஓடவிட்டார். எலுமிச்சையை நாக்கில் தேய்த்து எச்சில் ஊறவைத்துத் துப்பச் சொன்னார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணியும் எடைதான் அம்மிணி. கொப்பளிச்சுத் துப்பு. தொண்டை ஆடுச்சுன்னா எனக்குத் தெரியும்."

தினமும் மாலையில் குழந்தைவேலின் தீவனக் கடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, மூட்டை போடும் மேடைத் தராசில் ஏற்றி இறக்கினார்கள். சுற்றிலும் கோழிப் பண்ணைகள் உள்ள ஊர் அது. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம், அதில் சோயா எத்தனை பங்கு, முட்டை ஓடு கெட்டியாக எவ்வளவு கிளிஞ்சல் தூள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஊர். கோழி ஒரு வேளைத் தீவனம் தின்னாவிட்டால் முதலாளிக்குப் போன் போகும். பிள்ளைகள் தின்னாமல் இருந்தால் கைதட்டினார்கள்.

அப்படி மூன்று மாதம் துப்பியும் வியர்த்தும் மறுத்தும் தள்ளிய பிறகுதான், அந்தத் திங்கட்கிழமை, மைதானத்தை ஓடிச் சுற்றிக்கொண்டிருந்த சிந்துஜா சட்டென்று நின்றாள்.

"சார், பசிக்கல."

"நடிக்காத."

"நெசமாத்தான் சார். கரண்ட் போன மாதிரி நின்னுபோச்சு."

பின்னால் ஓடிவந்த பதினோரு பேரும் அதையே சொன்னார்கள். மாதேஸ்வரன் நெஞ்சு விம்ம அவர்களைப் பார்த்தார். "இதுக்குப் பேருதான் பயிற்சி" என்றார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே வயிறு இரைந்தது.

வளர்கிற பிள்ளையின் பசி ஒரு தனி ரகம். அது மாலை நாலு மணிக்கு வரும், உட்கார விடாது, தட்டு எடுத்து வைக்கப் பொறுக்காது, இனிப்பும் உப்பும் ஒரே வாயில் கேட்கும், தின்றவுடன் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெள்ளைப்பாறையில் வங்கி மேலாளரும் பூசாரியும் பத்திர எழுத்தரும் முடிதிருத்துபவரும் நாலு மணிக்கு எழுந்து தெருவுக்கு வந்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலவே நின்றபடி தின்றார்கள். வங்கியில் பணம் எண்ணும் இயந்திரத்துக்குள் மிக்சர் போய்ச் சிக்கியது. கோயிலில் நைவேத்தியம் சாமிக்குக் காட்டுவதற்கு முன்பே தீர்ந்தது. ஒரு சாவு வீட்டில், எடுப்பதற்கு முன்பே பந்தி போடச் சொல்லித் தகராறு நடந்தது. தையல்காரர்கள் புதுத்துணி தைப்பதை விட்டுவிட்டு நாள் முழுக்கப் பழைய கால்சட்டைகளின் இடுப்பைப் பிரித்தார்கள். ஒருவன் தன் மச்சினனின் கையைக் கடித்துவிட்டான். கையில் போண்டா இருந்ததாகப் போலீசில் சமாதானம் சொன்னான், ஸ்டேஷனில் எல்லோரும் அப்போதுதான் டிபன் தின்றுகொண்டிருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் இதற்கு ஒரு கௌரவமும் வந்து சேர்ந்தது. யாருக்கு எந்தப் பிள்ளையின் பசி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

"எனக்கு வந்தது கேப்டன் பசி" என்றார் குழந்தைவேல், பிரியாணி இலையை வழித்தபடி. "சும்மா விடுமா? ராத்திரியெல்லாம் ரெய்டு போகுது."

"எனக்கு வந்திருக்கிறது எக்ஸ்ட்ரா பிளேயர் பசி போலிருக்குதுங். ரெண்டு பரோட்டாவுல அடங்கிப்போயிருது" என்று பத்திர எழுத்தர் வருத்தப்பட்டார்.

"அதுகளுக்காக நாம தின்னுட்டிருக்கோம்" என்று கூட்டங்களில் பேசினார்கள். கைதட்ட முடியாத அளவுக்கு எல்லோர் கையிலும் ஏதாவது இருந்தது.

ஆனால் ஊருக்குச் சர்க்கரை ஏறியது, மூட்டு வலித்தது, மூச்சு வாங்கியது. அப்போது கௌரவம் மறந்து கோபம் வந்தது. கோபம் பிள்ளைகள் மேல் வந்தது. சிந்துஜா தெருவில் நடந்தால் வாசலில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"ஏம்புள்ள, உன்ற பசியால எனக்கு முந்நூறைத் தாண்டிப் போச்சுது, தெரியுமா?"

"நல்லா சொகமா நடக்கறா பாரு. நாமதான் சாவறோம்."

"இவளுக வயித்துக்கும் சேத்து நாம வடிச்சுக் கொட்டோணும். இவளுகளுக்கு இடுப்புல ஒரு துளி சதை ஏறுதா பாரு."

அவளுக்கு ஒருவாய் சோறு போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதற்கு ஊரில் ஒரு நியாயம் இருந்தது. கெட்ட எண்ணத்தில் பிறந்த நியாயம் இல்லை என்பதுதான் அதில் மோசமானது. பசித்தவருக்குத்தான் சோறு போட வேண்டும் என்று வெள்ளைப்பாறையில் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே கற்றிருந்தார்கள். இப்போது பசித்தவர் யார், பசிக்காதவர் யார் என்பது பட்டவர்த்தனமாக இருந்தது. பள்ளியில் தலைமையாசிரியை அந்த நியாயத்தைச் சட்டமாக்கினார். மதிய உணவு முட்டை வந்ததும் பிரார்த்தனைக் கூட்டத்தைப் போல எல்லோரையும் நிற்க வைத்து, "உண்மையைச் சொல்லணும். யாருக்குப் பசிக்குது?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் பொய் சொல்லிப் பழகாதவர்கள்; கை தூக்கவில்லை. ஆசிரியர்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள், ஒருவர் இரண்டு கையையும். பன்னிரண்டு முட்டைகளும் ஆசிரியர்கள் அறைக்குப் போயின. "பசிக்கிறவங்க வயித்துக்குப் போனதுல உங்களுக்குத்தான் புண்ணியம்" என்றார் தலைமையாசிரியை, மஞ்சள் கருவைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு.

சிந்துஜாவின் அம்மா பாப்பாத்தி பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்தாள். அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பாப்பாத்திக்கும் அந்தப் பசி வந்திருந்தது. மாலையில் வந்து அடுப்பு மூட்டும்போதே அரிசியை வாயில் போட்டு மென்றாள். இரண்டு தட்டில் சோறு போட்டு, தன் தட்டைத் தின்று முடித்தாள். சிந்துஜா தன் தட்டை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"நீ தின்னும்மா. உனக்குத்தான் பசிக்குது."

பாப்பாத்தி அதையும் தின்றாள். முதல் நாள் மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்கத் தின்றாள். பிள்ளைக்குப் பசிக்கவில்லை, தனக்குப் பசிக்கிறது, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் சிந்துஜா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள், கணைக்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாப்பாத்தியின் வாயில் அப்போது பிள்ளையின் சோறு இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிள்ளையின் கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தலை வகிட்டில் முடி கொட்டிச் சாலை போட்டிருந்தது. அலமாரியில் சித்திரையில் வாங்கி வைத்த நாப்கின் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

"மாசாமாசம் வர்றது எப்ப நின்னுச்சு?"

"எப்பவோ நின்னுபோச்சும்மா. சார்கிட்டச் சொன்னேன். நல்லதுதான், தொந்தரவில்லாம ஆடலாம்னாரு."

மறுநாள் பாப்பாத்தி மகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். போகும் வழியில் அவளுக்கென்று ஒரு சீப்புப் பழத்தைத் துணிப்பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா இளவயதுக்காரர், கெட்டிக்காரர், வெள்ளைப்பாறையிலேயே குடியிருந்தவர். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலைமுடி போல ஒரு கோட்டைக் காட்டினார்.

"எலும்புல விரிசல். அடிபட்டதில்ல, பட்டினியில வந்தது. ஆயுசுக்கும் தாங்கற எலும்பை இந்த வயசுலதான் உடம்பு கட்டும். கட்டறதுக்குச் சாமான் குடுக்காம மைதானத்துல குதிக்க விட்டா? இப்படியே விட்டா ரெண்டா உடைஞ்சிரும்."

"அவளுக்குப் பசிக்கவே மாட்டீங்குதுங்களே."

"பசிக்கலைன்னா தேவையில்லைன்னு அர்த்தமாம்மா? உங்க வீட்டுக்காரர் லாரியில டீசல் முள்ளு உடைஞ்சிருச்சுன்னா, டீசலே ஊத்தாம ஓட்டுவாரா? மணி பார்த்துக் குடுங்க. மூணு வேளை சோறு, நடுவுல ரெண்டு தடவை ஏதாவது. முட்டை, பயறு, கடலை, பால், கீரை. சோத்தைக் குறைக்காதீங்க, ஓடற பிள்ளைக்கு அதுதான் விறகு. தண்ணி தாராளமா."

சொல்லிக்கொண்டே அவர் பாப்பாத்தியின் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார். அடுத்ததையும் உரித்தார். சீப்பு முடிந்தபோதுதான் தன் கையிலிருந்த தோலைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோல்களையெல்லாம் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடி, "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

பாப்பாத்தி மணி பார்த்துப் போட்டாள். சிந்துஜா மருந்து விழுங்குவதுபோல விழுங்கினாள். மாலையில் தீவனக் கடைத் தராசு அதைக் காட்டிக் கொடுத்தது. மாதேஸ்வரன் மறுநாள் அவளுக்கு இரண்டு ஸ்வெட்டர் மாட்டினார். உள்ளே போனதெல்லாம் வியர்வையாக வெளியே வந்தது. பாப்பாத்தி எக்ஸ்ரேவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போனாள். குழந்தைவேலும் மாதேஸ்வரனும் ஒரு அண்டா கறிச்சோற்றுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ற புள்ள பசியத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

குழந்தைவேல் எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுக் கேட்டார். "எப்படிக் குடுக்கறது? வயித்தைக் கிழிச்சா?"

"தின்னாம இருங்க. நாலு நாள் ஊரே தின்னாம இருந்தா, இங்க சோறு கெடைக்கலைன்னு அது பொறந்த வயித்துக்கே போயிரும்."

"ஊரையே பட்டினி போடச் சொல்றா பாருங்க வாத்தியாரே" என்று குழந்தைவேல் சிரித்தார். "இரக்கமே இல்லாத பொம்பள."

"கோழிக்கு முட்டை ஓடு மெலிஞ்சுதுன்னா அன்னிக்கே கிளிஞ்சலைக் கூட்டிப் போடச் சொல்றீங்க. இங்க புள்ளைக்கு எலும்பு வெடிச்சுக் கெடக்குது."

"கோழி முட்டை போடுது பாப்பாத்தி. உன்ற புள்ள என்ன போட்டுது? போன வருசம் கப்பைக் கோட்டை விட்டுப்போட்டு வந்தா."

மாதேஸ்வரன் எக்ஸ்ரேவை வாங்கிப் பார்த்தார். கறிக் கைரேகை அதில் பதிந்தது. "முடி மாதிரி ஒரு கோடு. இதுக்குப் போயி... இன்னும் பத்து நாள். கப்பு வந்ததுக்கப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் ஊட்டிக்கங்க."

போட்டி தொலைவில் வேறொரு ஊரில், ஒரு பள்ளி மைதானத்தில். வெள்ளைப்பாறை லாரி லாரியாகக் கிளம்பிப் போனது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிற லாரியில் பாப்பாத்தியும் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு துணி மூட்டை. அதில் அவித்த முட்டைகளும் வேர்க்கடலை உருண்டைகளும். எடை பார்த்து முடிந்ததும் ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தாள். லாரி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சுற்றியிருந்தவர்களுக்கு வாசம் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கை நீண்டது. "பசிக்குதுக்கா" என்றார்கள். பொய்யில்லை, நிஜமாகவே பசித்தது. அவள் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதுகுப் பக்கமிருந்து பிரித்துத் தின்றார்கள்.

எடை பார்க்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு உள்ளே வீராங்கனைகள் மட்டும். தராசுக்குப் பக்கத்தில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வெளியூர் நடுவர், சாப்பாட்டில் எந்த விசேஷ அக்கறையும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரனைக்கூட உள்ளே விடவில்லை. கோட்டுக்கு வெளியே வெள்ளைப்பாறை அடுக்குத் தூக்குகளோடு நின்று தின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் உள்ளே வரிசையில், உதடு வெடித்து, கண் குழிந்து, எந்த வாசமும் மூக்கில் ஏறாமல் நின்றார்கள். முந்தின நாள் காலையிலிருந்து அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை.

"கால் கிலோ கம்மியாவே இருப்பா சிந்துஜா" என்று மாதேஸ்வரன் கோட்டருகில் நின்று எல்லோருக்கும் சொன்னார். "காலையில எச்சில்கூட வரலை. அத்தனை காய வெச்சிருக்கேன்."

சிந்துஜா கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். பாப்பாத்தி கடைசி வரிசையில் நின்றாள். மகள் பார்ப்பது தெரிந்ததும், மடியிலிருந்த துணியை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து விரித்துக் காட்டினாள். அதில் முட்டை ஓடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிந்துஜா வரிசையை விட்டு விலகினாள். கோட்டின் அருகே வந்து நின்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டி ஊர்க்கூட்டத்துக்குள் இறங்கினாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் குழந்தைவேலின் அடுக்குத் தூக்கை நோக்கித்தான் வருகிறாள் என்று விளங்கியதும் ஊர் எதிரணியைப் போலக் கைகோத்துச் சங்கிலி போட்டது. பத்திர எழுத்தர் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்தார். அவள் குனிந்ததில் பூசாரியின் மேல் போய் விழுந்தார். மாதேஸ்வரன், தான் சொல்லிக் கொடுத்த பிடியாலேயே கணுக்காலைப் பிடித்தார், விரிசல் விட்ட காலை. அவள் கத்தவில்லை, கத்தினால் பாட்டு அறுந்துவிடும். முகம் மட்டும் ஒருமுறை கோணியது. கபடி கபடி என்றபடியே மற்றக் காலால் அவர் தோளில் உதைத்து விடுவித்துக்கொண்டாள். "புடிங்கடா அவளை! வயிறு நெறஞ்ச சிறுக்கி, பசிச்சவங்க சோத்தைப் புடுங்க வர்றா!" என்று குழந்தைவேல் தூக்கை நெஞ்சோடு அணைத்துக் கத்தினார். அவருடைய தொந்திக்கும் தூக்குக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் அவளுடைய நீளக் கை நுழைந்தது. தூக்கோடு அவள் திரும்பினாள். ஒரே மூச்சு; உடையாமல் கோட்டைத் தொட்டு விழுந்தாள்.

ஊர் கோடு வரை ஓடி வந்தது. நடுவர் விசிலை ஊதினார். "உள்ள வராதீங்க. பிளேயர்ஸ் மட்டும்."

"சார், அவ தின்னப் போறா சார்!"

"தின்னக் கூடாதுன்னு ரூல் இல்லை. எடை பார்க்கும்போது எடை இருக்கணும், அவ்வளவுதான்."

சிந்துஜா தராசின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தூக்கைப் பிரித்தாள். முதலில் நடுவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மேலடுக்கில் அவித்த முட்டை, நடுவில் தக்காளிச் சோறு, அடியில் பருப்பு. முதல் கவளம் களிமண் போல இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். பசி இல்லாதவள், ருசி தெரியாதவள், செங்கல் சுமப்பதுபோல ஒவ்வொரு கவளமாக எடுத்து உள்ளே அடுக்கினாள். கோட்டுக்கு வெளியே ஊர் முழுக்க நின்று ஏசியது. திருடி என்றார்கள். ஊரைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். நாளைக்கு நீ எப்படி ஊருக்குள் நடக்கிறாய் பார்க்கலாம் என்றார்கள். மாதேஸ்வரன் மண்டியிட்டுக் கெஞ்சினார். "துப்பிரு கண்ணு. இன்னும் முழுங்கல, துப்பிரு." அவள் அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். தொண்டை ஆடியதை அவர் பார்க்கும்படி விழுங்கினாள்.

நடு அடுக்கு பாதியானபோது, இன்னொருவர் தூக்கிலிருந்து போண்டாவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன குழந்தைவேலின் கை நின்றது. அவர் போண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டார். பசி அவரிடமிருந்து இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கு ஊடாக, வந்த வழி தெரிந்தது போல நடந்து கோட்டைத் தாண்டியது. நடுவர் அதைத் தடுக்கவில்லை, அது வீராங்கனையுடையது.

சிந்துஜா தலையைத் தூக்கினாள். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

பிறகு மற்றப் பதினோரு பேரும் வரிசையைக் கலைத்துக்கொண்டு வந்து தூக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒவ்வொருவராகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். வைத்த தூக்குகளைப் பாப்பாத்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுக்கு உள்ளே தள்ளிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப்பாறை முழுக்க, தன் பருமனோடும் பிரித்துத் தைத்த கால்சட்டையோடும், எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் வெயிலில் நின்றது.

நடுவர் பன்னிரண்டு பேரையும் ஏற்றி இறக்கினார். ஏழு பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்து அணி அமையாது. "அடுத்த டீம்" என்றார்.

லாரிகள் பிள்ளைகளை ஏற்றாமலே கிளம்பிப் போயின. பாப்பாத்தி பன்னிரண்டு பேரையும் அரசுப் பேருந்தில் கூட்டி வந்தாள். பேருந்து நின்ற ஊரிலெல்லாம் அவர்கள் இறங்கித் தின்றார்கள். நடத்துநர் திட்டிக்கொண்டே காத்திருந்தார்.

வெள்ளைப்பாறை அதை மன்னிக்கவில்லை. கோப்பை போனதைக்கூட ஒரு வருடத்தில் மறந்திருப்பார்கள். பசி போனதை மறக்கவில்லை. அந்தப் பசியின் ருசி அவர்களுக்குப் பிடித்திருந்தது. தாங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு பசி அவர்களுக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கப் போவதுமில்லை. நாலு மணிக்குப் பழக்கத்தில் தெருவுக்கு வந்து, சுவரில் காலை ஊன்றி நின்று, எதுவும் தின்னத் தோன்றாமல் வீட்டுக்குப் போனார்கள். பிளக்ஸ்களைக் கழற்றி, பிள்ளைகளின் முகம் உள்பக்கமாக வரும்படி மடித்துத் தீவன மூட்டைகளுக்குப் போர்த்தினார்கள். சிந்துஜாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தூக்குத் திருடி' என்றார்கள். அவள் அம்மாவுக்குப் பண்ணையில் வேலை போனது. பாப்பாத்தி அடுத்த ஊர்ப் பண்ணைக்கு வேலைக்கு நடந்து போனாள்.

சிந்துஜாவின் எலும்பு கூடியது. மாதாமாதம் வருவது திரும்ப வந்தது. இன்னும் வளர்ந்தாள்.

அடுத்த வருடம், பள்ளி திறந்த சில நாட்களில், ஒரு மதியம் மாதேஸ்வரன் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். உள்ளே அம்மாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக் குழம்பு கொதித்த வாசம் வாசல் வரை வந்தது.

"இந்த வருசம் மேல் பிரிவு அம்மிணி. எடை வரம்பு தாராளம். பிரச்சினையே இல்லை. நீ வந்தாத்தான் டீம்" என்றார்.

"எடையை யாரு பாப்பாங்க சார்?" என்றாள் சிந்துஜா.

"போட்டி அன்னிக்கு நடுவர் மட்டும். நான் தராசுப் பக்கமே வர மாட்டேன்."

"தண்ணிப் பானை?"

"மைதானத்து நடுவுல வெக்கச் சொல்றேன்."

"சாப்பிட்டுப்போட்டுச் சொல்றேன் சார்."

அந்தப் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தவரை, பகையாளியாக இருந்தாலும், வந்து ஒருவாய் சாப்பிடுங்கள் என்று சொல்லாமல் விடுவதில்லை; சொல்லாமல் விட்டால் அந்த உறவுக்கு அதற்குமேல் பேச்சில்லை. மாதேஸ்வரன் அந்த வார்த்தைக்காக வாசற்படியின் கீழே செருப்பைப் பாதி கழற்றி நின்றார். சிந்துஜா நிதானமாகச் சாப்பிட்டாள். குழம்பு ஊற்றி ஒருமுறை, மோர் ஊற்றி ஒருமுறை. இன்னொரு முட்டை கேட்டாள். பாப்பாத்தி வைத்தாள். சிந்துஜா ஒருதரம் வாசலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

பாப்பாத்தி அகப்பையைச் சட்டிக்குள் வைத்து, தட்டைப் போட்டு மூடினாள்.